கெல்சோ துரையின் பாதம்

பிப்ரவரி 2, திங்கள்

வேலையில் சேர்ந்து இன்றோடு மூன்று மாதம். ஒப்பந்தம் மார்ச் 31 வரை. அதற்கு மேல் நீடிக்குமா என்பது மார்ச் 16 அன்று திறப்பு விழா எப்படி நடக்கிறது என்பதைப் பொறுத்தது என்று தீர்த்தகிரி சார் சொன்னார். அவர்தான் எங்கள் அருங்காட்சியகத்தின் காப்பாட்சியர். முக்கியமானதை இரண்டு முறை சொல்வார், இரண்டாவது முறை கொஞ்சம் மெதுவாக. இதையும் இரண்டு முறை சொன்னார்.

புதுக் கூடம் ஒன்று தயாராகிறது. இந்தச் சீமைக்கு முதன்முதலில் வரி வசூல் அதிகாரியாக வந்த கேப்டன் வில்லியம் கெல்சோவைப் பற்றியது. நடுச்சுவரில் ஆள் உயரக் கறுப்பு கிரானைட் பலகை நிற்கும். அதில் அவர் வாழ்க்கையை முப்பது வரியில் வெட்டுவார்கள். அந்த முப்பது வரியையும் நான் எழுத வேண்டும்.

வேறு யாராவது எழுதட்டுமே என்று சொல்ல நினைத்தேன். வாயைத் திறந்தால் 'சரி சார்' என்று வந்தது.

பிப்ரவரி 4

செருப்பு அறுந்துவிட்டது. பேருந்து நிலையத்துக்கு எதிர்க் கடைக்குப் போனேன். பெண்கள் பகுதி ஏழாம் நம்பரோடு முடிந்துவிடுகிறது. ஆண்கள் பகுதியில் எட்டை எடுத்தேன். யாருக்கு என்று கடைக்காரர் கேட்டார். அண்ணனுக்கு என்றேன். அதனால் போட்டுப் பார்க்க முடியவில்லை. விடுதிக்கு வந்து போட்டால் விரலைக் கடிக்கிறது.

எனக்கு அண்ணன் இல்லை.

பிப்ரவரி 6, வெள்ளி

புங்கன்கொட்டாய் போய் வந்தேன். கெல்சோ துரையின் பெயர் இன்னும் வாயில் புழங்கும் ஒரே ஊர் அதுதான். தாலுகா அலுவலகத்திலிருந்து நில அளவர் மாதேஷ் வந்திருந்தார். ஊரிலுள்ள பாறை எந்தச் சர்வே எண்ணில் வருகிறது என்று குறித்துத் தர வேண்டும். அளக்கும் கருவியை வண்டியின் பின் இருக்கையில் உட்கார வைத்துக் கயிற்றால் கட்டியிருந்தார். "இதுக்கு ஏதாவது ஆச்சின்னா நான் பதில் சொல்லணும் மேடம், நீங்க பஸ்ல வந்துடுங்க" என்றார். பேருந்தை விட அவர் தாமதமாகத்தான் வந்து சேர்ந்தார்.

ஏரிக்கரையில் தட்டையான பாறை. அதில் ஒரு பாதம் செதுக்கியிருக்கிறது. குதிகாலில் ஒரு கோடு, கட்டைவிரல் நுனியில் ஒரு கோடு. தொரைக்கல் என்கிறார்கள். ஊர்க்கவுண்டர் மாரப்பன் கதையைச் சொன்னார். அந்தக் காலத்தில் நிலத்தைக் கோலால் அளப்பார்களாம். ஊருக்கு ஊர் ஓர் ஆளின் பாதத்தை எடுத்து, அதைப்போல இருபத்துநான்கு மடங்கு நீளத்துக்கு மூங்கிலை வெட்டினால் அதுதான் அந்த ஊருக்குக் கோல். பாதம் பெரிதானால் கோல் நீளும். கோல் நீண்டால் அதே நிலம் கணக்கில் குறைவாக விழும். வரியும் குறையும். பஞ்சத்தில் கிடந்த ஊரைப் பார்த்து மனம் இரங்கி, துரை தன் பெரிய பாதத்தையே கல்லின் மேல் வைத்து, இதுதான் அளவு என்றாராம். அதனால் ஒவ்வொரு மாசியிலும் கடைசி வெள்ளிக்கிழமை, முதல் உழவுக்கு முன்னால், பாதத்துக்குப் பூ வைத்து ஒரு சுருட்டும் வைக்கிறார்கள்.

"எங்க சாமிங்கெல்லாம் பொங்கலு கேக்கும். இவுரு சுருட்டு கேக்கறாரு, அவ்ளோதான்" என்றார் கவுண்டர்.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போது ஏரிக்கு அந்தப் பக்கத்துத் தெருவிலிருந்து நஞ்சம்மா என்பவர் வந்து பாறையைக் கூட்டிவிட்டுப் போனார். பூவும் அவர் வீட்டுச் செவந்திதானாம். ஆனால் வைப்பது கவுண்டர் வீட்டுக் கை. அன்றைக்கு நஞ்சம்மா தெருக்காரர்கள் கரைக்குக் கீழே நிற்பார்கள். நான் கேட்கவில்லை, அவராகவே சொன்னார். என் பெயரும் செவந்தி என்று சொன்னதும் சிரித்தார். நல்ல வெயிலில்கூட வாடாத சிரிப்பு.

மாதேஷ் பாதத்தை டேப் பிடித்து அளந்தார். கோட்டுக்குக் கோடு சரியாகப் பன்னிரண்டு அங்குலம். உள்ளங்கையில் எழுதிக்கொண்டார்.

மாதேஷ் என் காது வரைதான் இருக்கிறார். இதை எதற்கு எழுதினேன் என்று தெரியவில்லை. இன்று முழுக்க அளவு வேலையாகவே இருந்ததால் இருக்கலாம்.

பிப்ரவரி 9

கெல்சோவின் கடிதங்கள் ஆறு கட்டு. எல்லாம் நகல்கள். அவருடைய பரம்பரையினரிடம் சார் இரண்டு வருடம் எழுதி எழுதி வாங்கியவை. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு நாளைக்கு எட்டுப் பக்கம் படிக்கிறேன்.

பதினாறு வயதில் கும்பெனிப் படையில் சேர்ந்து சென்னைக்குக் கப்பல் ஏறியவர். பதிமூன்று வருடம் சண்டை, முற்றுகை, காய்ச்சல். 1792இல் திப்பு சுல்தானிடமிருந்து இந்தச் சீமை கும்பெனி கைக்கு வந்தபோது, ஊர்ப் பேச்சுத் தெரிந்த அதிகாரிகள் இல்லை. முகாம்களில் கன்னடமும் தமிழும் கற்றுக்கொண்டிருந்த கெல்சோவைப் பிடித்து மேசைக்கு முன்னால் உட்கார வைத்துவிட்டார்கள். தங்கைக்கு எழுதுகிறார்:

"நேற்று வரை துப்பாக்கி பிடித்தவன். இன்று கணக்குப்பிள்ளைகள் என்னைச் சுற்றி உட்கார்ந்து என் வாயைப் பார்க்கிறார்கள். எனக்கு ஒன்றும் தெரியாது என்பது அவர்களுக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்வதே என் முழுநாள் வேலை."

இதை மூன்று முறை படித்தேன். வேலையில் சேர்ந்த முதல் நாள், தபாலை டிஸ்பேட்ச்சில் கொடுத்துவிட்டு வா என்றார்கள். டிஸ்பேட்ச் என்பது ஓர் ஆளா ஓர் அறையா என்று தெரியாமல் வராந்தாவில் இரண்டு சுற்று வந்தேன். எங்கள் வீட்டில் அலுவலகத்தைப் பார்த்த முதல் ஆள் நான். யாரிடம் கேட்பது?

அதே கடிதத்தில் தங்கையிடம் பூட்ஸ் கேட்கிறார். படைக் கிடங்கில் கிடைப்பதெல்லாம் தன் காலுக்குப் பெரிதாம். பையன்கள் போடும் அளவில் ஒரு ஜோடி வேண்டுமாம். சிரிப்பு வந்தது. எனக்கு நேர் எதிர்ப் பிரச்சினை.

நல்லவர் என்று மட்டும் எழுதிவிட முடியாது. வேறு ஓர் ஊரில் வரி தாங்காமல் ஓடிப்போன பதினாறு குடும்பங்களைச் சிப்பாய்களை விட்டுத் திரும்பப் பிடித்து வந்திருக்கிறார். அதையும் ஒரு வரியில் வைத்தேன். எடுக்கச் சொல்வார்களோ என்னவோ.

ஆறாவது கட்டுதான் படிக்க முடியவில்லை. கடைசி வருடம். வலது கையில் அடிபட்டு இடது கையால் எழுதியிருக்கிறார். கோழி கிளறியது போல இருக்கிறது. இரண்டு மணி நேரத்தில் நான்கு வரிதான் நகர்ந்தது. மாலையில் சார் வந்து ஆறு கட்டும் படித்தாகிவிட்டதா என்று கேட்டார்.

படித்தாகிவிட்டது என்று சொன்னேன்.

பிப்ரவரி 11

முப்பது வரியும் ஒப்புதல் ஆகிவிட்டது. பதினாறு குடும்பங்களை எடுக்கவில்லை. சார் ஒரு வரியை மட்டும் சத்தமாக, வழக்கம்போல இரண்டு முறை படித்தார்: 'புங்கன்கொட்டாயில் தம் பாதத்தையே அளவாகத் தந்து குடிகளின் சுமையைக் குறைத்தார்.' "இது கல்லுல நல்லா நிக்கும்மா" என்றார்.

கல் வெட்டும் வேலை போகும் கம்பெனியின் பெயரைக் கடிதத்தில் பார்த்தேன். அப்பா வேலை செய்யும் இடம்தான். சாரிடம் சொல்லவில்லை. சொல்லும்படி ஒன்றும் வரவில்லை.

பிப்ரவரி 13

மாதேஷ் இன்று அலுவலகத்துக்கு வரவில்லை. வர வேண்டிய வேலை எதுவும் இல்லை.

பிப்ரவரி 15, ஞாயிறு

வீட்டுக்குப் போனேன். அம்மா பூப்பறிக்கப் போயிருந்தாள். வரும் வரை துணி துவைத்து, பாத்திரம் கழுவி, அரிசி களைந்து வைத்தேன். வந்ததும் முதல் பேச்சு, "ஏன் கூனிக்கினு நிக்கற?"

அப்பாவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருபத்திரண்டு வருடமாகத் தண்ணீரில் கல்லைத் தேய்த்துத் தேய்த்து விரல்நுனியில் ரேகையே இல்லை. ரேஷன் கடை இயந்திரத்தில் அவர் கை விழாது, அம்மாதான் போக வேண்டும். கறுப்புக் கல் ஒன்று சர்க்காருக்காக வந்திருக்கிறதாம், நேற்றுத்தான் மெருகு ஏற்றினாராம். "மூஞ்சி பாத்து சவரம் பண்ணலாம், அப்பிடி வந்துக்குது" என்றார். அதில் என்ன எழுதப்போகிறார்கள் என்று கேட்டேன். எழுத்து மெஷின் வெட்டும், அது தனக்கு அப்புறம் நடக்கிற வேலை, யாருக்குத் தெரியும் என்றார்.

சொல்லியிருக்கலாம். விழாவுக்கு அழைத்து வந்து அங்கே காட்டலாம் என்று வைத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 24

பலகை வந்துவிட்டது. எட்டு பேர் தூக்கி நிறுத்தினார்கள். எல்லோரும் போன பிறகு முன்னால் போய் நின்றேன். எழுத்துக்குப் பின்னால் என் முகம் தெரிந்தது. நிமிர்ந்து நின்றால் தலை பலகைக்கு மேலே போகிறது.

பிப்ரவரி 26, வியாழன்

மாதேஷ் வரைபடம் கொடுக்க வந்தார். தபாலில் அனுப்பியிருக்கலாம். பலகையைப் படித்தார். படித்துவிட்டு, துரை எவ்வளவு உயரம் என்று கேட்டார்.

தெரியாது என்றேன்.

"பன்னெண்டு அங்குலம் பாதம்னா ஆளு ஆறே முக்கால் அடிக்குக் கொறையாதுங்க. எங்கியாவது எழுதி வெச்சிருப்பாங்களே" என்றார்.

அப்போதுதான் பூட்ஸ் நினைவுக்கு வந்தது. பையன்கள் போடும் அளவு.

என் முகம் மாறியதைப் பார்த்துத் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தார். என்ன என்று கேட்கவில்லை. 'செவந்தி, உட்காருங்க' என்றார். மேடம் என்று சொல்லவில்லை.

மார்ச் 1, ஞாயிறு

மூன்று நாளாக ஆறாவது கட்டு. இன்று மதியம் கிடைத்துவிட்டது. தங்கைக்கு எழுதிய கடிதம், 1795. எனக்குப் புரிந்தவரை தமிழில்:

"சென்னையிலிருந்து இரும்புச் சங்கிலி இப்போதுதான் வந்து சேர்ந்தது. புங்கன்கொட்டாயில் ஒரு வயலை அளந்து பார்த்தேன். என் கணக்கில் இருப்பதை விடக் கால் பங்கு கூடுதலாக வந்தது. மறுபடி அளந்தேன். அதேதான். அப்புறம்தான் உறைத்தது. முதல் வருடம் நான் அங்கே போனபோது, கோல் வெட்ட ஓர் ஆளின் பாதம் வேண்டும் என்றார்கள். யாராவது ஒருவரைக் கூப்பிடுங்கள் என்றேன். சடையன் என்ற தலையாரியைக் கொண்டுவந்தார்கள். ஏரிக்கு அந்தப் பக்கத்துத் தெருவில் இருக்கும் ஊர்க் காவல்காரன். என் கூடாரத்துக்குள் நுழைய அவன் இரண்டாக மடிய வேண்டியிருந்தது. அவன் பாதத்தைக் கல்லில் வரைந்து, நானே கையெழுத்தும் போட்டேன். ஆளுக்கு ஆள் பாதம் மாறும் என்பதுகூடத் தெரியாத சிப்பாய்! மூன்று வருடமாக ஓர் ஊரே என் முன்னால் சிரிக்காமல் இருந்திருக்கிறது. இதைத் திருத்த வேண்டுமானால் நான் ஏமாந்ததைச் சென்னைக்கு எழுத வேண்டும். எழுதவில்லை. மண் மெலிந்தது, பழைய அளவே நிற்கட்டும் என்று எழுதிவிட்டேன். அங்கே இப்போது என்னைக் கருணை உள்ளவன் என்கிறார்களாம். மறுக்க எனக்குத் தைரியம் இல்லை."

அது துரையின் பாதம் இல்லை.

கல்லில் வெட்டியாகிவிட்டது.

மார்ச் 2

சாரிடம் சொல்லவில்லை. அவருக்கு இன்று பல் வலி.

மார்ச் 3

சொல்லவில்லை. கண்ணாடிப் பெட்டிகளைத் துடைத்தேன். நாணயங்களுக்கு எண் ஒட்டினேன். முப்பத்தேழாம் எண்ணை இரண்டு முறை ஒட்டிவிட்டேன். அழைப்பிதழ் அச்சாகி வந்தது.

யோசித்துப் பார்த்தேன். கடைசிக் கட்டை என்னைத் தவிர யாரும் படிக்கப்போவதில்லை. பலகை அப்படியே நிற்கும். ஊருக்கும் அவர்கள் துரை அப்படியே இருப்பார். எனக்கு வேலை நீடிக்கும். யாருக்கும் நஷ்டம் இல்லை.

சடையனுக்கு மட்டும்தான்.

மார்ச் 4, புதன்

காலை பத்து இருபதுக்குச் சாரின் அறைக்குப் போனேன். கதவுக்கு வெளியே நின்று வாக்கியத்தை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் போனேன்.

"சார், கடைசிக் கட்டை நான் படிக்கல. படிச்சாச்சுன்னு உங்ககிட்ட பொய் சொன்னேன். இப்பதான் படிச்சேன். கல்லுல இருக்கறது தப்பு."

மொழிபெயர்ப்பை நீட்டினேன். இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். பிறகு திறப்பு விழா முடியட்டும் என்றார். யாருக்கும் தெரியப்போவதில்லை என்றார். அடுத்த வருடம் மெதுவாக ஏதாவது செய்துகொள்ளலாம், கலெக்டர் வரும் நேரத்தில் நாம் ஏமாந்ததை நாமே போய்ச் சொல்ல வேண்டுமா என்று கேட்டார்.

"அவரும் அப்படித்தான் சார் நெனச்சாரு" என்றேன்.

எப்படி வந்தது என்று தெரியவில்லை. சொன்ன பிறகு காது சூடாகிவிட்டது.

சார் கடிதத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மெல்லச் சிரிக்கத் தொடங்கினார், பல் வலியோடு. "அந்தக் கட்டை நானும்தான் படிக்கலம்மா. படிச்சு சரிபார்த்தேன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன்" என்றார். அதை ஒரு முறைதான் சொன்னார்.

பிறகு நடைமுறைக்கு வந்தார். புதுக் கல் என்றால் ஆறு வாரம் ஆகும். இருப்பது பன்னிரண்டு நாள். இதே கல்லைத் தேய்த்து எடுக்க முடியுமா என்று யாரிடம் கேட்பது?

"எங்க அப்பா அங்கதான் சார் பாலீஷ் போடறாரு" என்றேன்.

சேர்ந்த நாளிலிருந்து, அப்பா கம்பெனியில் இருக்கிறார் என்று மட்டும்தான் சொல்லி வந்திருக்கிறேன்.

மார்ச் 6, வெள்ளி

லாரியில் கல்லோடு நானும் போனேன். இத்தனை வருடத்தில் அப்பா வேலை செய்யும் கொட்டகைக்குள் நான் போனது இதுதான் முதல் முறை. தரையெங்கும் சேறு போலக் கல்மாவு. சத்தத்தில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது. அப்பா முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தார். என்னைப் பார்த்ததும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு ஓடி வந்தார். வீட்டில் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துவிட்டார்.

கல்லை இறக்கிப் படுக்க வைத்தார்கள். தேய்த்து எடுக்க வேண்டும் என்று மேஸ்திரி சொன்னார்.

"யாராம் இப்பிடித் தப்பா எழுதனது?" என்று கேட்டார் அப்பா.

"நான்தாம்ப்பா."

அவர் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். கட்டைவிரலை எழுத்தின் மேல் வைத்து முதல் வரியைத் தடவினார். ரேகை இல்லாத விரல். "எல்லாமா?"

"முப்பது வரியும்."

பூட்ஸோடு கல்லைச் சுற்றி ஒரு நடை நடந்தார். "உன் எழுத்த நானேதான் அழிக்கணுமா?" என்றார். பிறகு, "ஒருக்கா படிச்சிக் காட்டு. அப்புறம் தேச்சி எறக்கறேன்" என்றார்.

மற்ற இயந்திரங்களையும் நிறுத்தச் சொல்லிவிட்டார். பதினான்கு பேர் நின்றார்கள். கல்லூரியில் மூன்று வருடமும் வகுப்பில் எழுந்து ஒரு வார்த்தை பேசாதவள் நான். குனிந்துதான் படித்தேன், கல் தரையில் கிடந்ததால். முப்பது வரியும் படித்தேன். குரல் ஐந்தாவது வரியில் சரியாகிவிட்டது.

"நல்லாத்தான் இருக்குது. அந்த ஒரு வரி மட்டும் தப்பா?"

"ஆமாம்ப்பா."

"ஒரு வரின்னு அங்க மட்டும் தேச்சா பள்ளம் உழும். எதுர்ல நின்னா மூஞ்சி கோணலாத் தெரியும். எறக்குனா முழுசா எறக்கணும்."

இயந்திரத்தில் கரடான தேய்ப்புக்கல்லைப் போட்டு முதல் கை ஓட்டினார். எழுத்துகள் சாம்பல் நிறத் தண்ணீராக ஓடின. எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. பார்க்க நன்றாக இருந்தது.

மார்ச் 8, ஞாயிறு

நைசான தேய்ப்புக்கல் வரை ஏழு கை ஓட்டி முடித்துவிட்டார். முன்பை விடப் பளபளப்பு. ஞாயிற்றுக்கிழமை சம்பளம் கேட்கவில்லையாம், அம்மா சொன்னாள்.

மார்ச் 9

புது வாசகம் முப்பத்தொரு வரி. ஒரு வரி கூடுதல் சடையனுக்கு. சார் சரிபார்த்தார், இந்த முறை ஆறு கட்டையும் மேசையில் வைத்துக்கொண்டு. அச்சான அழைப்பிதழில் 'கருணை வடிவான கெல்சோ' என்று இருக்கிறது. அதற்கு என்ன செய்வது என்று கேட்டேன். அது தாள்தானே, விடு என்றார்.

இன்னும் ஒன்று மீதி இருக்கிறது. வெள்ளிக்கிழமை மாசிக் கடைசி வெள்ளி. கல்லில் படிப்பதற்கு முன்னால் ஊருக்கு நேரில் சொல்ல வேண்டும். உடன் வரட்டுமா என்று மாதேஷ் கேட்டார். ஏரிக்கரை எல்லையை மறுபடி சரிபார்க்க வேண்டியிருக்கிறதாம்.

மார்ச் 13, வெள்ளி

காலை ஏழு மணிக்கு ஊரே கரையில் நின்றது. ஏர்கள் வரிசையாகக் காத்திருந்தன. கவுண்டர் பூவை வைத்துவிட்டுச் சுருட்டை எடுத்த நேரத்தில், ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. மாதேஷ் கைதட்டி, "கொஞ்சம் கேளுங்க, இவங்க பேசணுமாம்" என்றார். அப்புறம் திரும்பிப் போக வழி இல்லை.

கடிதத்தைப் படித்தேன். சடையன் கூடாரத்துக்குள் மடிந்து நுழைந்த இடத்தில் சிறுவர்கள் சிரித்தார்கள். முடித்ததும் பெரியவர்கள் பாறையைப் பார்த்தார்கள். நான் அவர்களின் துரையை எடுத்துக்கொண்டுவிட்டேன். கோபம் வந்தால் நியாயம்தான் என்று நினைத்தேன்.

பின்னாலிருந்து ஒருவர், "அப்ப அந்தத் தெரு ஆளு காலுக்கா இத்தினி நாளா பூ வெச்சிக்கினு இருந்தோம்?" என்றார்.

கரைக்குக் கீழேயிருந்து நஞ்சம்மாவின் குரல் வந்தது. "ஏன், வெச்ச பூவு வேணாம்னு திரும்பியா வந்துச்சி?"

சில பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். கவுண்டர் சுருட்டைக் கையில் உருட்டிக்கொண்டே நின்றார். பிறகு என்னிடம் கேட்டார், "ஏம்மா, தொரைய ஏமாத்தணும்னு நெட்டையா ஆளு பாத்து இட்டாந்தது யாரு?"

ஊர்க்காரர்கள்தான் என்று கடிதம் சொல்கிறது என்றேன்.

"எங்காளுங்க?"

"ஆமாங்க."

"மூணு வருசமா ஒருத்தனும் வாயத் தொறக்கல?"

"தொறக்கலைங்க."

அவர் முகத்தில் மெல்ல ஒரு பெருமை ஏறியதை என் கண்ணால் பார்த்தேன். துரை கொடுத்த ஊர் என்பதை விட, துரையை ஏமாற்றிய ஊர் என்பது அவருக்குப் பிடித்துவிட்டது. இந்த ஊர் ஆள் ரெண்டு பேர் சேர்ந்து ஒரு ரகசியத்தை மூணு நாள் காப்பாத்த மாட்டாங்களே என்று ஒருவர் சொல்ல, கரை முழுக்கச் சிரிப்பு. "நஞ்சம்மா, மேல வா. உங்காளு காலு. நீயே வையி" என்று கவுண்டர் சுருட்டை நீட்டினார்.

நஞ்சம்மா மேலே ஏறி வந்தார். பின்னால் அந்தத் தெருவே வந்தது. முன்வரிசையில் இரண்டு பேர் ஒதுங்கித் தள்ளி நின்றார்கள். அதையும் பார்த்தேன். எழுதாமல் விட்டால் சரியாக இருக்காது.

சுருட்டை வைத்துவிட்டு நஞ்சம்மா, அப்ப அந்தத் தொரைக்கு இனிமே ஒண்ணும் இல்லையா, பாவம் என்றார். விவாதம் நடந்தது. கடைசியில் அவருக்கும் ஒரு சுருட்டு என்று முடிவானது. காரணத்தைக் கவுண்டர் சொன்னார்.

"தெரிஞ்சும் வாய மூடிக்கினு இருந்தானே, அதுக்கு."

ஏர்கள் இறங்கிய பிறகு பாறையில் யாரும் இல்லை. கடிக்கும் செருப்பைக் கழற்றிவிட்டு, சடையன் பாதத்துக்குள் என் பாதத்தை வைத்துப் பார்த்தேன். குதிகாலைக் கோட்டில் பொருத்தினால் விரல்நுனி மேல்கோட்டைத் தொடவில்லை. மாதேஷ் குனிந்து விரலை வைத்துப் பார்த்து, ரெண்டு விரற்கடை பாக்கி என்றார்.

என் காலை விடப் பெரிய கால் ஒன்றை வாழ்க்கையில் முதன்முதலாகப் பார்க்கிறேன்.

எல்லையைச் சரிபார்க்கும் கருவியை அவர் கொண்டுவரவே இல்லை என்பது திரும்பும் வழியில்தான் கவனத்துக்கு வந்தது. வண்டியின் பின் இருக்கை காலியாக இருந்ததால் நான் பேருந்துக்குக் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை.

மார்ச் 16, திங்கள்

விழா நன்றாக நடந்தது. கலெக்டர் பலகை முன்னால் நெடுநேரம் நின்றார். ஆங்கிலேயர் ஒருவர் ஏமாந்ததை அரசாங்கச் சுவரில் படிப்பது இதுதான் முதல் முறை என்று சொல்லிச் சிரித்தார். யார் எழுதியது என்று கேட்டபோது சார் என்னை முன்னால் தள்ளினார். தேதி ஏதாவது தவறா என்று நான் பயந்தேன். இல்லை. ஆறு மாதம் நீட்டிப்பதாகச் சார் மாலையில் சொன்னார். இரண்டு முறை.

அம்மாவோடு அப்பா வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். கூட்டம் கலைந்த பிறகு பலகையிடம் போனார். மெருகைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். பிறகு கட்டைவிரலை வைத்துக்கொண்டு, அந்த நெட்டை ஆள் பெயர் எந்த இடத்தில் இருக்கிறது என்று கேட்டார். அவர் விரலைப் பிடித்து இருபத்துமூன்றாவது வரியில் வைத்தேன். மூன்றே எழுத்துதான் என்றேன். முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை ஒவ்வொன்றாக மறுபடி தடவினார். "நாலு" என்றார். எண்ணிப் பார்த்தேன். நாலுதான்.

அம்மா கல்லில் தெரிந்த என்னைப் பார்த்தாள். "இப்ப நேரா நிக்கற" என்றாள்.

மார்ச் 17

செருப்பு வாங்கப் போனேன். அதே கடை. மாதேஷுக்கும் ஒன்று வாங்க வேண்டியிருந்ததாம், வந்தார். ஆண்கள் பகுதியில் ஒன்பதாம் நம்பரை எடுத்தேன். யாருக்கு என்று கடைக்காரர் கேட்டார்.

எனக்குத்தான் என்று சொல்லி, அங்கேயே உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். சரியாக இருந்தது.